எதிரே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றாம் வகுப்புக்குக் கதை வழியே சொல்லித்தர யோசனை வேண்டும்

ஈர்க்குச்சி டீச்சர்:
விழுப்புரம் பக்கம் கிராமத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பு என்பதால் ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்தே உட்காருகிறார்கள். வட்டம், சதுரம், முக்கோணம் என்று பெயர் கடகடவென வருகிறது. முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்தால் மட்டும், "இது முக்கோணம் இல்ல டீச்சர்" என்கிறார்கள். எதிரே நிற்கும் பிள்ளையின் வலது கை எது என்றாலும் குழப்பம்தான். தினமும் கதை நேரம் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? கட்டைகள் வாங்கப் பணம் இல்லை.

தீப்பெட்டி வாத்தியார்:
தாராளமாகச் செய்யலாம் டீச்சர். ஆசிரியர் பயிற்சிகளில் நான் விடாமல் சொல்லிவரும் விஷயம் இது.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் 1948இல் எழுதிய மூன்று மலைச் சோதனை தெரிந்திருக்கும். மலை மாதிரியின் மறுபக்கம் ஒரு பொம்மை இருக்கும். அதற்கு என்ன தெரியும் என்று கேட்டால், சிறு பிள்ளைகள் தங்களுக்குத் தெரிவதையே காட்டினார்கள். 1970களில் மார்ட்டின் ஹியூஸ் என்ற ஆய்வாளர் அதையே போலீஸ்காரரிடமிருந்து ஒளியும் பையன் கதையாக மாற்றினார். மூன்றரை முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் விடைகளில் சுமார் 90 சதவீதம் சரியாக வந்தது. ஒளிவதற்கு ஒரு காரணம் இருந்ததால் யோசித்தார்கள். கதைக்கு அவ்வளவு பலம் உண்டு.

நான் சொல்வது கோழிக்குஞ்சுக் கதை. தீப்பெட்டிகளைக் கூட்டல் குறி மாதிரி அடுக்கிச் சுவர் வையுங்கள். ஒரு முனையில் பூனை. குஞ்சை எங்கே ஒளிக்கலாம்? பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்து, பூனையின் கண் மட்டத்தில் பார்க்கட்டும். அப்புறம் பக்கத்து முனையில் இரண்டாவது பூனை வரும். இரண்டின் கண்ணிலும் படாத மூலையைத் தேட வேண்டும். அது முடிந்ததும் களிமண், கொட்டாங்குச்சி எல்லாம் கொடுத்து, பூனை நுழைய முடியாத கூடு கட்டச் சொல்லுங்கள். வாசல் எந்தப் பக்கம், எவ்வளவு அகலம் என்று அவர்களே சண்டை போட்டு முடிவெடுப்பார்கள்.

கடைசியில் பருந்து. மேலே வட்டமிடும் பருந்துக்குக் கூடு எப்படித் தெரியும் என்று வரையச் சொன்னால், அதுதான் அவர்களின் முதல் வரைபடம்.

ஒரே ஒரு விதி: "அங்கே", "இங்கே" என்று விரல் நீட்டக் கூடாது, நீங்களும்தான். "சுவருக்குப் பின்னால்", "இரண்டுக்கும் நடுவில்", "பூனைக்கு இடது பக்கம்" என்று வாயால் சொல்ல வேண்டும்.

புள்ளிக்கோலம்:
முக்கோணத்துக்கு என் வழி: கரும்பலகையை விட்டுவிட்டுத் தரையில் பெரிதாக வரைந்து, சுற்றி உட்கார வைப்பேன். ஒருத்திக்கு முனை மேலே தெரியும், எதிரே இருப்பவனுக்குக் கீழே. அவர்களே இடம் மாறி உட்கார்ந்து பார்ப்பார்கள். ஐந்து புள்ளிக் கோலத்தையும் இப்படி நான்கு பக்கமிருந்தும் பார்க்க வைக்கலாம்.

ஈர்க்குச்சி டீச்சர்:
பூனைக் கதையை நேற்றுச் சொன்னேன். எல்லாருமே தரையில் படுத்துவிட்டார்கள்! மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கொடுப்பது?

தீப்பெட்டி வாத்தியார்:
அவர்கள் வரைந்த பருந்துப் படத்தை வேறு குழுவிடம் கொடுத்து, கூட்டைப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து அதே கூட்டைக் கட்டச் சொல்லுங்கள். எந்த இடத்தில் மாறிப்போகிறதோ, அங்கே படத்தில் எதைச் சேர்க்க வேண்டும் என்று வரைந்தவர்களையே கேளுங்கள். சுவரின் உயரம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கத்திலிருந்து இன்னொரு படம் வேண்டும் என்பதை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.