எல்லாம் ஒரே யூசரில் ஓடும் டேட்டாபேஸ்: பாதுகாப்பை எங்கே தொடங்குவது?

மழைத்துளி:
எங்கள் நிறுவனத்தின் முக்கியமான டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இருக்கிறது. பில்லிங், வாடிக்கையாளர் போர்ட்டல், ரிப்போர்ட் கருவி, இரவில் ஓடும் பேட்ச் வேலைகள் எல்லாமே ஒரே யூசர் பெயரில்தான் உள்ளே வருகின்றன, டேபிள்களுக்கு ஓனரும் அதே யூசர்தான். பாதுகாப்பைப் புதிதாக வடிவமைக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. "முதலில் மொத்தத்தையும் என்கிரிப்ட் செய்துவிடுங்கள் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுங்கள்), மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் மேலாளர். இந்த வரிசை தவறு என்று தோன்றுகிறது, ஆனால் அவருக்குப் புரியும்படி சொல்ல வரவில்லை. இன்னொன்று: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவரவர் ரெக்கார்டு மட்டும் தெரிய வேண்டும் என்று ரோ லெவல் செக்யூரிட்டி பாலிசி (எந்த ரெக்கார்டு யாருக்குத் தெரியலாம் என்று டேபிளிலேயே வைக்கும் விதி) எழுதினேன். எரர் எதுவும் இல்லை, ஆனால் எல்லா ரெக்கார்டும் அப்படியே வருகிறது. ஏன்?

கல்தூண்:
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். டேபிளின் ஓனருக்கு அந்தப் பாலிசி பொருந்தாது, எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசருக்கும் பொருந்தாது. ஃபோர்ஸ் ரோ லெவல் செக்யூரிட்டி என்று டேபிளில் போட்டால் ஓனரையும் கட்டுப்படுத்தும்தான், ஆனால் ஓனரே அதை நீக்கிவிடவும் முடியும். அப்ளிகேஷன் ஓனராக உள்ளே வரவே கூடாது, ஒவ்வொன்றுக்கும் தனி ரோல் (போஸ்ட்கிரெஸில் யூசர் கணக்குக்கு அதுதான் பெயர்) வேண்டும், அதுதான் உண்மையான தீர்வு.

மேலாளரிடம் இப்படிக் கேளுங்கள்: யாரிடமிருந்து காப்பாற்ற இந்த என்கிரிப்ஷன்? டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனவனிடமிருந்தும் பேக்கப் ஃபைலைத் திருடியவனிடமிருந்தும் என்றால் சரி, அதற்கு அது தேவைதான். ஆனால் சரியான யூசர் பெயரும் பாஸ்வேர்டும் வைத்துக்கொண்டு உள்ளே வருபவனுக்கு டேட்டாபேஸே டேட்டாவைப் பிரித்துப் படித்துக் கொடுத்துவிடும், எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் வழியாக (அப்ளிகேஷனில் உள்ளீடு தரும் இடத்தில் டேட்டாபேஸ் கமாண்டை நுழைத்து) வருபவனுக்கும் அப்படியே. 2017இல் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்தில் நடந்ததைக் காட்டுங்கள். பாதுகாப்புத் திருத்தம் போடாத அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற வெப் மென்பொருள் வழியாக உள்ளே வந்தவர்கள், என்கிரிப்ட் செய்யாமல் கிடந்த யூசர் பெயர், பாஸ்வேர்டுகளைக் கண்டெடுத்து, அந்த அப்ளிகேஷனுக்குச் சம்பந்தமே இல்லாத 48 டேட்டாபேஸ்களுக்குள் போனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 14 கோடிக்கும் மேல். முதல் ஓட்டை ஒரு இடத்தில்தான் இருந்தது, அங்கிருந்து எவ்வளவு தூரம் போக முடிந்தது என்பதுதான் சேதத்தைத் தீர்மானித்தது. உங்கள் இடத்தில் போர்ட்டலில் ஒரு ஓட்டை விழுந்தால் பில்லிங் டேபிளையே அழிக்கும் உரிமை வரைக்கும் போய்விடும்.

அகல்விளக்கு:
கல்தூண் சொன்னதோடு சில விஷயங்கள், ஏனென்றால் ரோல்களைப் பிரித்த பிறகும் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஓனர் ரோலுக்கு லாகின் உரிமையே கொடுக்காதீர்கள். ஸ்கீமா (டேபிள்களின் அமைப்பு) மாற்றங்களுக்கு மட்டும் தனி ரோல், அதை ஓனர் ரோலில் உறுப்பினராக்குங்கள். போர்ட்டல் ரோலை மட்டும் அப்படி உறுப்பினராக்கிவிடாதீர்கள், ஓனரின் உரிமைகளோடு பாலிசி விலக்கும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் வியூக்கள், அதாவது டேபிள் போலப் பயன்படுத்தச் சேமித்து வைத்த கேள்விகள். வியூ தன் ஓனரின் உரிமையில்தான் டேபிளைப் படிக்கிறது, ஆகவே டேபிளின் ஓனரே எழுதிய வியூ என்றால் பாலிசி அங்கே வேலை செய்யாது. போஸ்ட்கிரெஸ் பதிப்பு 15இல் செக்யூரிட்டி இன்வோக்கர் என்ற ஆப்ஷன் வந்திருக்கிறது, அதைப் போட்டால் கேட்பவரின் உரிமைதான் பார்க்கப்படும். அதே பதிப்பிலிருந்து புதிய டேட்டாபேஸ்களில் பப்ளிக் ஸ்கீமா என்ற பொதுப் பகுதியில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கும் வசதியையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் பழைய டேட்டாபேஸை அப்கிரேட் செய்தவர்களுக்குப் பழைய உரிமை அப்படியே தொடரும். அந்த உரிமையைக் கையால் ரிவோக் செய்யுங்கள், அதாவது பறித்துவிடுங்கள்.

கனெக்‌ஷன் பூலர் (திறந்திருக்கும் கனெக்‌ஷன்களைப் பலருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்) வைத்திருக்கிறீர்களா? பாலிசிக்காக வாடிக்கையாளர் எண்ணை ஒரு செட்டிங்கில் வைப்பீர்கள் அல்லவா, அதை வெறும் செட் கமாண்டால் வைத்தால், பிஜிபவுன்சர் என்ற பூலரின் டிரான்ஸாக்‌ஷன் மோடில் அதே கனெக்‌ஷனை அடுத்து வாங்குபவருக்கு முந்தையவரின் எண் ஒட்டிக்கொண்டே வரும். எரர் வராது, வேறொருவரின் பில் திரையில் வரும். டிரான்ஸாக்‌ஷனுக்குள் செட் லோக்கல் மட்டுமே பயன்படுத்துங்கள், டிரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் அந்த எண் போய்விடும்.

தேன்கூடு:
ஒரு சின்ன மறுப்பு. என்கிரிப்ஷனை ரொம்பவும் பின்னால் தள்ளாதீர்கள், முக்கியமாகப் பேக்கப்புக்கு. சர்வரை எவ்வளவு கவனமாகப் பூட்டினாலும் பேக்கப் ஃபைல் வேறு இடத்தில் இருக்கும், வேறு ஆட்கள் தொடுவார்கள், அங்கே ரோல், பாலிசி எதுவுமே கிடையாது. பேக்கப்பை என்கிரிப்ட் செய்து, சாவியை அதே ஸ்டோரேஜில் வைக்காமல் இருந்தாலே பெரிய ஆபத்து குறையும்.

லாக்குகளையும் பாருங்கள். ஸ்டேட்மென்ட் லாக் (ஓடும் கமாண்டுகளை எழுதிவைக்கும் பதிவு) ஆனில் இருக்கும்போது, ரோலை மாற்றும் ஆல்டர் ரோல் கமாண்டில் பாஸ்வேர்டை நேராக எழுதினால் அது லாக் ஃபைலில் பச்சையாகப் பதிவாகும். போஸ்ட்கிரெஸோடு வரும் பிஎஸ்கியூஎல் கருவியில் பாஸ்வேர்டு மாற்ற இருக்கும் தனிக் கமாண்டைப் பயன்படுத்துங்கள், அது பாஸ்வேர்டை ஹாஷ் செய்துதான் (திருப்பிப் படிக்க முடியாத வடிவில் மாற்றித்தான்) அனுப்பும். யார் என்ன செய்தார்கள் என்று பதியும் ஆடிட் லாக் உடனுக்குடன் வேறு சர்வருக்குப் போக வேண்டும், டேட்டாபேஸ் அட்மினால் அங்கே எதையும் அழிக்க முடியக் கூடாது.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி, மேலாளரிடம் பேச இப்போது தைரியம் வந்திருக்கிறது. ஒரே பயம்: பழைய யூசரை எந்தெந்த வேலை பயன்படுத்துகிறது என்று யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. நிறுத்தினால் எது உடையும் என்றே தெரியாது.

கல்தூண்:
பட்டியலை டேட்டாபேஸே தரும். கனெக்‌ஷன் லாகை ஆன் செய்து ஒரு மாதக் கணக்கு முடிப்பு கடந்து போகும் வரை விடுங்கள், மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் வேலைதான் கடைசியில் கழுத்தை அறுக்கும். எந்த ஐபியிலிருந்து யார் வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஒவ்வொன்றுக்கும் தனி ரோல் கொடுத்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள், ரிப்போர்ட் கருவியில் தொடங்கலாம், அதற்குப் படிக்கும் உரிமை போதும். கடைசியில் பழைய யூசரை அழிக்க வேண்டாம், லாகினை மட்டும் நிறுத்துங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் கனெக்‌ஷன்கள் அதனால் அறுபடாது, அவற்றைத் தனியாக முடிக்க வேண்டும். ஏதாவது உடைந்தால் ஒரே கமாண்டில் லாகினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.