22 வயதில் பதினாறு வயது நெற்றி கேட்கிறான்: முடி நட்டுக்கொடுப்பது சரியா?

வடகரை எழுதியது:
என் தம்பிக்கு 22 வயது. இரண்டு வருடமாக நெற்றியின் இரு ஓரமும் உள்வாங்கிக்கொண்டே போகிறது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் காது மட்டத்துக்கு மேலே ஒன்றும் கிடையாது. பிளஸ் டூ ஹால் டிக்கெட்டில் உள்ள படத்தைக் காட்டி, "இதே நெற்றி வேண்டும்" என்று தம்பி இரண்டு இடங்களில் கேட்டான். முதல் இடத்தில் மருத்துவர் மாத்திரை எழுதித் தந்து, ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார். இரண்டாவது இடத்தில் மருத்துவரையே பார்க்கவில்லை. ஆலோசகர் என்று ஒருவர் புருவப் பென்சிலால் நெற்றியில் நேர்க்கோடு இழுத்து, பிடரியிலிருந்து 3,500 முடி வேர்களை எடுத்து இங்கே நடலாம், மாதத் தவணை உண்டு, இந்த வாரமே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். தம்பி அந்தக் கோட்டை அழிக்காமலே வீட்டுக்கு வந்தான். இரவு சாப்பிட உட்கார்ந்தபோதும் அது நெற்றியில் இருந்தது. பணம் நான்தான் தர வேண்டும். தரலாமா?

சவுக்குத்தோப்பு எழுதியது:
தராதீர்கள். எனக்கு 36. இருபத்துமூன்றில் செய்துகொண்டேன். கோட்டைத் தாழ்த்தி, மூலைகளை அடைத்து, அளவுகோல் வைத்ததுபோல் நெற்றி. மூன்று வருடம் ராஜாவாகத் திரிந்தேன், மறுக்கவில்லை. பிறகு நட்ட முடி நின்றது, அதன் பின்னால் இருந்த சொந்த முடி போய்விட்டது. கடலோரத்தில் காற்றுக்குச் சவுக்கு வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தோப்பு, நான்கு வரிசை தாண்டினால் பொட்டல். என் தலை அதுதான், இங்கே என் பெயரும் அதுதான். பொட்டலை நிரப்ப இரண்டாம் முறை பிடரியில் கழுத்துவரை இறங்கித் தோண்டினார்கள். அதில் பாதி நிற்கவில்லை.

சென்ற வருடம் அப்பா தவறினார். மூத்தவன் நான், கொள்ளி நான்தான். ஆற்றங்கரையில் தலை மழித்துக்கொண்டிருந்த பெரியவர் பிடரிக்கு வந்ததும் கத்தியை நிறுத்தி, "தம்பிக்கு அம்மை போட்டிருந்ததா?" என்று கேட்டார். வேர் எடுத்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி, ஆயிரக்கணக்கில். சித்தப்பாக்கள் சுற்றி நின்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஏறுநெற்றி எழுதியது:
வருத்தமாக இருக்கிறது, அண்ணா. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மாத்திரையை விடாமல் சாப்பிட்டீர்களா?

சவுக்குத்தோப்பு எழுதியது:
மணமான புதிதில் நிறுத்திவிட்டேன். ஏன் என்று இங்கே எழுத முடியாது.

ஏறுநெற்றி எழுதியது:
அப்படியானால் குறை அறுவையில் மட்டும் இல்லை. எனக்கு 27. இருபத்துநான்கில் செய்துகொண்டேன், அந்த மாத்திரை, ஃபினாஸ்டரைடு, ஒரு நாளும் தவறியதில்லை, பின்னால் உள்ள முடி அப்படியே இருக்கிறது.

இங்கே எல்லோரும் நாற்பது வயதுத் தலையைப் பற்றியே பேசுகிறீர்கள். அதற்கு முன் ஒரு பதினெட்டு வருடம் இருக்கிறதே, அது வாழ்க்கையில் சேராதா? கல்லூரி முடிந்து, வேலை தேடி, பெண் பார்க்கப் போய், நாலு பேர் நடுவில் நிற்கிற காலம் முழுக்க அதில்தான் வருகிறது. நான் இரண்டு வருடம் குழுப்படங்களில் பின்வரிசையில் நின்றேன். மழையில் நனைய மாட்டேன், ஈரமானால் மண்டை தெரியும். மொட்டை போட்டுக்கொண்டு துணிச்சலாக இரு என்று அறிவுரை சொல்பவர்களில் பாதிப் பேருக்கு முடி இருக்கிறது! பதினெட்டு வயதில் ஓட்டுப் போடுகிறான், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான். தன் தலையைப் பற்றி மட்டும் முடிவெடுக்கத் தெரியாதா?

மல்லிகை எழுதியது:
அக்காவுக்கு வரன் பார்த்தபோது, முடி இல்லை என்பதற்காக ஒருவரை வேண்டாம் என்றோம். வெளியே ஜாதகத்தின்மேல் பழியைப் போட்டோம். இந்தப் பையன்கள் காரணமில்லாமல் பயப்படவில்லை.

மருந்துச்சீட்டு எழுதியது:
நான் தோல் மருத்துவர். கையெழுத்துப் போட அவனுக்கு உரிமை உண்டு. எதில் போடுகிறான் என்பதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி. ஆலோசகர் சொல்லாத கணக்கை நான் சொல்கிறேன்.

பிடரி முடியை எங்கே நட்டாலும் அது பிடரி முடியாகவே உதிராமல் வாழும். நியூயார்க்கில் ஓரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1959இல் எழுதிய இந்த விஷயத்தின்மேல்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. ஆனால் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. பலருக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து எடுக்க முடிவது ஏறக்குறைய 6,000 வேர்த்தொகுப்புகள்; ஆலோசகர் "வேர்கள்" என்றது இவற்றைத்தான். வழுக்கையைப் படிப்படியாகப் பிரிக்கும் நார்வுட் அளவுகோலில் ஆறாம் படிக்குப் போன தலையில் வெறுமையாகும் இடம் சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 என்று சுமாராக நட்டாலே 8,000 வேண்டும். இருப்பே பற்றவில்லை. அதிலும் பாதிக்கு மேல் 22 வயதில் முன்வரிசைக்கே கொட்டிவிடச் சொல்கிறார்கள். நாற்றங்கால் ஒன்றுதான், வயலோ வருடாவருடம் பெரிதாகிறது. அப்பாவையும் மாமாவையும் பார்த்தால் இந்தப் பையனின் வயல் எதுவரை போகும் என்று ஊகிக்கலாம்.

மாத்திரை நல்ல மருந்து. அமெரிக்காவில் 1997இல் இதற்கென அனுமதி பெற்றது. பலருக்கு உதிர்வை நிறுத்துகிறது. சிலருக்குத் தாம்பத்தியத்தில் தொந்தரவு வரும், அதைக் கூச்சமில்லாமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் பலன் போய்விடும். ஏறுநெற்றி நண்பரே, உங்கள் நெற்றி அந்த ஒரு மாத்திரையின் தயவில் இருக்கிறது. மூன்று வருடம் பெரிய காலமில்லை.

ஏறுநெற்றி எழுதியது:
டாக்டர், நீங்கள் மறுத்தால் அவன் வீட்டுக்குப் போய்விடுவானா? அடுத்த தெருவில் ஏசி போட்ட அழகு நிலையத்துக்குப் போவான். 2016இல் சென்னையில் அப்படி ஓர் இடத்தில் முடி நட்டுக்கொண்டு உயிரைவிட்டவர் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர். விவரம் தெரிந்தவரே போகிறார் என்றால் மற்றவர்கள்? உங்கள் மறுப்பு உங்கள் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மருந்துச்சீட்டு எழுதியது:
அது சுடுகிறது. நான் மறுத்து அனுப்பிய ஒரு பையன் ஆறு மாதம் கழித்து, புருவத்துக்கு நான்கு விரல்கூட இடைவெளியில்லாத நெற்றியோடு திரும்பி வந்தான். முதலில் எழுந்து வெளியே போகச் சொல்லத் தோன்றியது. பிறகு உட்காரவைத்துப் பேசினேன்.

தேசிய மருத்துவ ஆணையம் முடி நடுவது பற்றி 2022இல் அறிவுறுத்தல் வெளியிட்டது. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதெல்லாம் பயிற்சி ஆகாது என்று அதில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு பலகை குறையவில்லை. ஆனால் அடுத்த கடைக்காரன் கெடுப்பான் என்பதற்காக நானே கெடுத்து அனுப்ப முடியாது. மறுப்பது வேறு, அடக்கிச் செய்வது வேறு. மருந்தில் ஒன்றிரண்டு வருடம் நிலைத்த பிறகு, கோட்டை மேலேயே வைத்து, மூலைகளைத் திறந்துவிட்டு, கொஞ்சம் வேர்களோடு செய்துகொள்ள நானே சொல்வேன். அந்த நெற்றி நாற்பதிலும் முகத்துக்குப் பொருந்தும். ஹால் டிக்கெட் நெற்றி பொருந்தாது.

ஏறுநெற்றி எழுதியது:
இதை அந்த முதல் மருத்துவர் அன்றே அவனிடம் சொல்லியிருந்தால் இரண்டாவது கடைக்குப் போயிருக்கவே மாட்டான். மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டினால் பையனுக்கு என்ன புரியும்?

மருந்துச்சீட்டு எழுதியது:
அதை ஒப்புக்கொள்கிறேன்.

வடகரை எழுதியது:
நேற்று தம்பியோடு இரண்டாவது இடத்துக்கு நானும் போனேன். வெட்டுவது யார் என்று கேட்டேன். "எங்கள் குழு" என்றார். முப்பத்திரண்டில் உச்சியும் போனால் அப்போது வேருக்கு எங்கே போவது என்று கேட்டேன். "தாடியிலிருந்து எடுக்கலாம் சார்" என்றார். தம்பிக்குத் தாடி இன்னும் கன்னத்தில் கூடவில்லை. வண்டியில் வரும்போது அவனே சிரித்துவிட்டான்.

மாத்திரை தொடங்கியாயிற்று, பாதகம் எல்லாம் சொல்லித்தான். குளியலறை விளக்கின் கீழே நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறோம். பணத்தை அவன் பெயரிலேயே இரண்டு வருட வைப்பாகப் போட்டுவிட்டேன். முடிந்ததும் அவன் இஷ்டம்.

சவுக்குத்தோப்பு எழுதியது:
அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏறுநெற்றி எழுதியது:
இரண்டு வருடம் அவன் தொப்பியோடு அலைவான். வட்டி மட்டும் வங்கியில் ஏறட்டும்.