லூப்ல டிலே போட்டதும் ஹம், கரகரப்பு. எங்க தப்பு?

காரைக்குடி ஸ்ட்ரம்:
அண்ணே, உதவி வேணும். 40 வாட் சாலிட் ஸ்டேட் கிட்டார் ஆம்ப், ஸ்பீக்கரோட சேர்ந்த காம்போ. பின்னாடி எஃபெக்ட்ஸ் லூப் இருக்கு, அதாவது ப்ரீஆம்ப் சிக்னல் பெடலுக்குப் போக சென்ட் ஜாக், திரும்பி வர ரிட்டர்ன் ஜாக். ட்யூனர், வா-வா, ஓவர்டிரைவ் மூணும் முன்னாடி இன்புட்ல. டிலே (எதிரொலி), ரிவர்ப் (கூடத்து முழக்கம்) பெடல்கள் லூப்ல. முன்னாடி இன்புட்ல இருந்தப்போ டர்ட்டி (டிஸ்டார்ஷன்) சேனல்ல கூழாக் கிடந்த டிலே இப்போ தெளிவாயிடுச்சு. ஆனா ஹம் விடாம வருது. பலமா அடிச்சா டிலே கரகரங்குது. லூப்ல ஒண்ணுமே சொருகாதப்பவும் சில நேரம் சத்தம் பாதியாயிடுது. அஞ்சு பெடலுக்கும் ஒரே 9 வோல்ட் அடாப்டர், டெய்சி செயின் (ஒரே வயர்ல வரிசையாப் பல பிளக்). பழைய வீட்டுப் பட்டாலைக் கூடத்துலதான் பிராக்டிஸ், அடுத்து கோயில் மேடை.

ஈயப்பற்று:
சத்தம் பாதியாகுறதை முதல்ல முடிங்க, அது சுலபம். லூப் காலியா இருக்கிறப்போ ரிட்டர்ன் ஜாக்குக்குள்ள ஒரு சின்னத் தகடுதான் சென்ட்டையும் ரிட்டர்னையும் சேர்த்து வைக்குது. பிளக் உள்ள போனா தகடு விலகும். நாள்பட அதுல தூசியும் களிம்பும் ஏறினா சரியாத் தொடாது. ஒரு பேட்ச் கேபிளை சென்ட்ல இருந்து ரிட்டர்னுக்கு நேரா சொருகிப் பாருங்க. சத்தம் முழுசா வந்துட்டா தகடுதான் குற்றவாளி. ஆம்பை அணைச்சு, கரண்ட் பிளக்கையும் உருவிட்டு, கிட்டார் பிளக் முனையில கான்டாக்ட் கிளீனர் அடிச்சு ரிட்டர்ன்ல பத்துப் பதினைஞ்சு தடவை சொருகி எடுங்க. துரு எடுக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேணாம், படலம் தங்கி மறுபடி தூசி பிடிக்கும்.

தேவகோட்டை பேஸ்:
கரகரப்பு லெவல் பிரச்சினை. +4 லூப்னா (ஸ்டுடியோ கருவிகளோட பலமான லெவல்) சிக்னல் சராசரி 1.23 வோல்ட். கிட்டாருக்குச் செஞ்ச பெடல் எதிர்பார்க்கிறது 0.1 வோல்ட்டை ஒட்டி. ப்ரீஆம்ப் அனுப்புறதைத் தாங்காம டிலேயோட உள்வாசல்லயே அலை நறுங்கிடுது. அதுக்கப்புறம் டிலே லெவலைக் குறைச்சுப் பிரயோஜனமில்ல. பின்னாடி +4 / -10 ஸ்விட்ச் இருந்தா -10ல வைங்க, 0.3 வோல்ட்டுக்கு இறங்கிடும். ஸ்விட்ச் இல்லையா, சேனல் வால்யூமைக் குறைச்சு மாஸ்டரை ஏத்துங்க. பெரும்பாலான ஆம்ப்ல லூப் அந்த ரெண்டுக்கும் நடுவுலதான். டிஸ்டார்ஷன் அளவு கெயின் நாப்ல இருக்கு, அதனால டோன் பெரிசா மாறாது.

கானாடுகாத்தான் டோன்:
ஹம்முக்கு ஊகம் வேணாம், ஒவ்வொண்ணாக் கழிச்சுப் பாருங்க. சென்ட்-ரிட்டர்ன் நடுவுல வெறும் பேட்ச் கேபிள் போட்டு அமைதியா இருந்தா ஆம்ப் நல்லா இருக்கு. அப்புறம் டிலேயை மட்டும் பேட்டரியில ஓட்டுங்க. ஹம் போயிட்டா டெய்சி செயின்தான். முன்னாடி பெடல்களோட கிரவுண்ட் இன்புட் கேபிள் வழியா ஆம்ப்புக்குப் போகுது, லூப் பெடல்களோடது சென்ட், ரிட்டர்ன் வழியாப் போகுது. ஒரே அடாப்டர் ரெண்டையும் இன்னொரு பக்கம் முடிச்சுப் போடுறப்போ கிரவுண்ட் வளையம் உருவாகுது, அதுதான் ஹம்மா வருது. லூப் பெடலுக்குத் தனி அடாப்டர், இல்ல ஒவ்வொரு அவுட்டும் தனித்தனியாப் பிரிஞ்ச சப்ளை வாங்குங்க. வாங்கும்போது சென்டர் நெகட்டிவான்னு (பிளக்கோட நடுத் துளை மைனஸ்) பாருங்க, மில்லி ஆம்பியரையும் கூட்டிப் பாருங்க. ஓவர்டிரைவ் 10 மில்லி ஆம்பியருக்குள்ள அடங்கிடும், டிஜிட்டல் டிலேயும் ரிவர்ப்பும் அப்படியில்ல. பத்தலைன்னா கீச்சுனு விசில் வரும்.
இன்புட், சென்ட், ரிட்டர்ன் மூணு கேபிளையும் ஒண்ணாக் கட்டி, கரண்ட் வயர்ல இருந்து ஒரு முழம் தள்ளியே கொண்டு போங்க. விரிச்சுப் போட்டா வளையம் பெரிசாகும், ஹம்மும் கூடும்.

காரைக்குடி ஸ்ட்ரம்:
தனி அடாப்டர் போட்டதும் ஹம் முக்கால்வாசி போச்சு அண்ணே. கரகரப்பும் இல்ல. மிச்ச ஹம், கம்பியைத் தொட்டா குறையுது. பிளக்குல எர்த் பின்னைக் கழட்டிட்டா சரியாகும்னு ஒருத்தர் சொல்றாரு, செய்யலாமா?

ஈயப்பற்று:
எர்த் பின்னைத் தொடவே தொடாதீங்க. கிட்டார் கம்பி ஆம்ப் சேஸிஸோட சேர்ந்தது. உள்ள ஏதாவது பழுதானா கரண்ட் போக வழியில்லாம உங்க கை வழியாப் போகும், உதடு மைக்ல பட்டா இன்னும் மோசம். செட்டிநாட்டுப் பழைய வீடுகள்ல வயரிங் பல கட்டமாப் போட்டது. மூணு ஓட்டை சாக்கெட் இருந்தும் எர்த் ஓட்டைக்குப் பின்னாடி வயரே இல்லாத இடம் நிறைய. எலக்ட்ரீஷியனை வச்சு மல்டிமீட்டர்ல பாருங்க: பேஸ்-நியூட்ரல் 230 பக்கம், பேஸ்-எர்த்தும் அதே, நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட். பேஸ்-எர்த் 60, 90னு தள்ளாடினா எர்த் இல்லைன்னு அர்த்தம். அதைச் சரி பண்ணாம மைக்கை வாயில வைக்காதீங்க. மேடையில ஆம்ப்பும் பெடல் அடாப்டர்களும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல இருக்கட்டும்.

கானாடுகாத்தான் டோன்:
ஒரு பக்கப் பேச்சு. ஆத்தங்குடிக் கல் தரையும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் உள்ள பட்டாலை தானே ரிவர்ப் தரும். அங்க இனிமையா வச்ச ரிவர்ப் திறந்தவெளி மேடையில வறண்டு கேட்கும். மேடைக்குப் போய் சவுண்ட் செக்ல ஏத்திக்கங்க.

காரைக்குடி ஸ்ட்ரம்:
சரிண்ணே, எலக்ட்ரீஷியனை நாளைக்கே வரச் சொல்றேன். நண்பர் ஆம்ப்ல லூப்புக்கு 'மிக்ஸ்' நாப் இருக்கு. அதுல இதே டிலே போட்டா டோன் சப்புனு, ஓட்டைக் குழாய்ல பேசுற மாதிரி ஆகுது?

தேவகோட்டை பேஸ்:
அது பேரலல் லூப். ஆம்ப் தன் சுத்த சிக்னலைத் தானே கலந்துக்குது. டிலேயும் ஒரு சுத்த சிக்னலை நூலிழை தாமதமாத் திருப்பி அனுப்புது. ரெண்டும் சேர்றப்போ சில அலைவரிசை வெட்டுப்பட்டுப் போகும். டிலேயில கில் டிரை (சுத்த சிக்னலை நிறுத்துற ஸ்விட்ச்) இருந்தா போடுங்க, இல்ல டிலேயோட மிக்ஸை 100 சதவீதம் 'வெட்' (wet, எதிரொலி மட்டும்) பக்கம் தள்ளுங்க. எவ்வளவு டிலே வேணுமோ அதை ஆம்ப் நாப்ல ஏத்துங்க. ரெண்டு வசதியும் இல்லாத டிலேன்னா ஆம்ப் நாப்பை முழுசாத் திருகிட்டா பல ஆம்ப்ல அது சீரீஸ் லூப்பாவே (முழு சிக்னலும் பெடல் வழியாவே போறது) நடந்துக்கும்.