தனியா ஒர்க்‌ஷாப் போட்டு ரெண்டு வருசம், வேலை இருக்கு, காசு தான் நிக்கல

ஸ்பானர்12 (மியான்மர், யாங்கோன், தாமுவே):

எல்லாருக்கும் வணக்கம். இங்க ஒர்க்‌ஷாப் வச்சிருக்கவங்க ரெண்டு மூணு பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்குறேன். கோயில் ஸ்கூல்ல படிச்ச தமிழ், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

பத்து வருசம் இன்னொருத்தர்கிட்ட கைவேலை பாத்துட்டு ரெண்டு வருசம் முன்னாடி தாமுவேல ஒரு சந்துக்குள்ள சொந்தமா போட்டேன். உள்ள ரெண்டு வண்டி நிக்கும், மூணாவது வந்தா ரோட்ல தான், பக்கத்து வீட்டு அம்மா திட்டும். வர்றதுல பாதிக்கு மேல டொயோட்டா ப்ரோபாக்ஸும் சக்ஸீடும், மீதி ஹோண்டா ஃபிட்டு, நிஸான் ஏடி வேன், எப்பவாச்சும் ஒரு டொயோட்டா சர்ஃப். வேலைக்கு பஞ்சம் இல்ல, 2018ல வலப்பக்க ஸ்டீரிங் வண்டி இறக்குமதிய நிறுத்தினதுல இருந்து ஜனங்க இருக்குற வண்டியையே தட்டி தட்டி ஓட்டுறாங்க, அதுல நம்ம பொழப்பு ஓடுது. ஆனா மாசக் கடைசில பொட்டிய தொறந்தா ஒண்ணும் இல்ல.

போன மாசம் நடந்தது சொல்றேன். ஒரு ப்ரோபாக்ஸ், முன்னாடி கடகடன்னு சத்தம், பாத்தா சக்கரத்த தாங்குற பக்கம் லிங்க் ராட் ரெண்டும் போச்சு, லோயர் ஆர்ம் ரப்பர் புஷ்ஷும் போச்சு, பிரேக் பேடும் தேஞ்சு இரும்பு தெரியுது. வெள்ளிக்கிழமை சாமான் கடைல போன்ல கேட்டு மொத்தமா ஒரு ரேட் சொன்னேன், அவரும் சரின்னு வண்டிய விட்டுட்டு போனாரு. திங்கக்கிழமை சாமான் எடுக்க போனா டாலர் ஏறிடுச்சுன்னு கடைக்காரன் வேற விலை சொல்றான். கஸ்டமர்கிட்ட சொன்னா "ஸயா (வாத்தியாரே), வாய் வார்த்தைன்னு ஒண்ணு இருக்குல்ல"ன்னாரு. ஏறின காசு என் கூலில போச்சு. ரெண்டு நாள் வேலை, கைல நின்னது மத்தியான சோத்துக்காசு.

அடுத்தது கடன். டாக்ஸிக்காரங்க, சொந்தக்காரங்க, கோயில்ல பாக்குறவங்கன்னு நோட்டுல இப்ப 18 பேர் இருக்காங்க. எப்படி கேக்குறதுன்னே தெரியல. கேட்டா மறு வாரமே வேற ஒர்க்‌ஷாப்புக்கு போயிடுறாங்க. இதுல கரண்ட் வேற, கம்ப்ரஸருக்கு ஜெனரேட்டர் போட்டா பெட்ரோல் காசு யார் தலைல கட்டுறது. கூட இருந்த ரெண்டு பசங்களும் 2024 பிப்ரவரில கட்டாயப் பட்டாளச் சட்டம் பத்தி அறிவிச்சதுமே தாய்லாந்து பக்கம் போயிட்டானுங்க, நான் ஒத்த ஆளு. ரேட்டும் கடனும் நீங்கல்லாம் எப்படி சமாளிக்குறீங்க?

பழையமஸ்டா (யாங்கோன், திங்கன்ஜூன்):

தம்பி, உனக்கு ரெண்டு வருசம், எனக்கு நாப்பத்தி ரெண்டு வருசம், எனக்கும் மாசக் கடைசி அப்படித்தான், பயப்படாத.

எங்க அப்பா மஸ்டா நாலுசக்கரம் பாத்தவரு, அந்த சின்ன நீல டாக்ஸி, உங்க வயசுக்காரங்க போட்டோல தான் பாத்திருப்பீங்க. அதுக்கு சாமானே கிடைக்காது, லேத்துல குடுத்து கடைஞ்சு தான் போடணும். 1964ல கடைங்கள அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப எங்க சொந்தத்துல பாதிப்பேர் கப்பலேறி ஊருக்கு போயிட்டாங்க, அப்பா போகல, கைத்தொழில் இருக்குறவனுக்கு கடை எதுக்குன்னு மரத்தடில உக்காந்தாரு. 1987 செப்டம்பர்ல 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னு ஒரே நாள்ல சொல்லிட்டான், மாத்திக்கவும் வழி கிடையாது. அன்னைக்கு தெருவே அழுதுச்சு. எங்க வீட்டுல அவ்வளவா அழுகை இல்ல, ஏன்னா அப்பா நோட்டா வச்சதே இல்ல. கட்டிலுக்கு அடில பேரிங்கு, பிஸ்டன் ரிங்கு, பிளக்கு, எண்ணெய் தடவி பேப்பர்ல சுத்தி அடுக்கி வச்சிருப்பாரு. அம்மாவுக்கு அந்த வாடை ஆகாது, அது வேற கதை.

நான் அதையே தான் பண்றேன். கைல காசு வந்தா அன்னைக்கே ப்ரோபாக்ஸ் ஆயில் ஃபில்டர், பேடு, பிளக்கு, லிங்க் ராடுன்னு வாங்கி ராக்குல ஏத்திடு. பேங்க் ரேட்டு 2022 ஆகஸ்ட்ல இருந்து டாலருக்கு 2100 கியாட்னு எழுதியிருக்கு, வெளில டாலர் அதை விட ரொம்ப அதிகம், சாமான் கடைக்காரன் வெளி ரேட்ட தான பாப்பான். நோட்டு கைல இருந்தா கரையும், சாமான் ராக்குல இருந்தா கரையாது. கடன் விசயத்துல மட்டும் ரொம்ப கறாரா இருக்காத, நம்ம ஜனங்க குடுத்துடுவாங்க, கொஞ்சம் லேட்டாகும்.

கணக்குக்காரி (மோல்மீன்):

அண்ணே சொன்னதுல பாதி சரி, பாதி எங்கள மாதிரி ஆளுங்கள மூழ்கடிச்சது. எங்க வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரு, கணக்கு நான். அவரும் காசு வந்தா சாமான்னு வாங்கி குவிச்சாரு. ரெண்டு வருசம் கழிச்சு ராக்க இறக்கி எண்ணிப் பாத்தேன். பெல்ட்டு வெடிப்பு விட்டிருக்கு, புஷ்ஷு ரப்பர் கல்லாட்டம், தொறந்து மூடி வச்ச பிரேக் ஆயில் ஈரம் குடிச்சு கறுத்துப்போச்சு. மோல்மீன் மழை தெரியும்ல, ஆறு மாசம் சுவரே வியர்க்கும். இரும்ப வைங்க, ரப்பர வைக்காதீங்க, பிரேக் ஆயில சீல் பிரிக்காத சின்ன டப்பாவா வாங்குங்க. வாரம் ஒரு தடவையாவது ராக்க விட்டு இறங்குற சாமான் தான் பணம், மத்ததெல்லாம் அலமாரி அலங்காரம்.

கடன "லேட்டாகும், குடுத்துடுவாங்க"ன்னு அண்ணே சொல்றாரு. குடுப்பாங்க, இல்லைங்கல. எதை குடுப்பாங்க? மார்ச்ல ஒரு செட் பேடும் நாலு லிட்டர் ஆயிலும் போட்டுட்டு நோட்டுல மூணு லட்சம்னு எழுதுறோம், அவர் ஆகஸ்ட்ல சிரிச்ச முகமா வந்து அதே மூணு லட்சத்த குடுக்குறாரு, நாமளும் சந்தோசமா வாங்கி வச்சுட்டு கடைக்கு போனா அதுக்கு பேடு வருது, ஆயில் வரல. நாணயமான மனுசன் தான், ஆனா ஆயில நாம சும்மா குடுத்திருக்கோம். இது எனக்கு உறைக்கவே ஒரு வருசம் ஆச்சு.

அதுல இருந்து நோட்ட மாத்திட்டேன். கடன்ல சாமானுக்கு கியாட்டே எழுதுறது இல்ல. "பேடு முன்னாடி ஒரு செட்டு, ஆயில் 4 லிட்டர், ஃபில்டர் 1" அப்படின்னு சாமான் பேர தான் எழுதுறது, கூலி மட்டும் காசா தனியா. எந்த நாள் குடுக்குறாரோ அந்த நாள் கடை விலைக்கு குடுக்கணும், இல்ல அதே சாமான வாங்கிட்டு வந்து வச்சாலும் சரி. கீழ அவர் கையெழுத்து. மொத மாசம் ரெண்டு பேர் சண்டை போட்டாங்க, ஒருத்தர் வட்டி வாங்குறியான்னு கேட்டுட்டாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. அரிசி கைமாத்து வாங்கினா அரிசியா தான திருப்பி அளக்குறோம், அதுக்கு பேரு வட்டியான்னு கேட்டேன், ஒண்ணும் பேசல. இப்ப நாள தள்ளினா விலை ஏறும்னு அவங்களே சீக்கிரம் கொண்டாந்து குடுக்குறாங்க.

உங்க வெள்ளிக்கிழமை ரேட்டுக்கும் இதான். மொத்தமா ஒரு தொகை சொல்லவே கூடாது. கூலி இவ்வளவு, இது மாறாது. சாமான் விலை இன்னைக்கு இது, இப்பவே காசு குடுத்தா இப்பவே எடுத்து வச்சிடுறேன், திங்கக்கிழமை குடுத்தா திங்கக்கிழமை விலை. சாமான் கடை சீட்ட அப்படியே அவர் கைல குடுத்துடுங்க.

ஒயரிங்பையன் (மண்டலே):

அக்கா நோட்டு ஐடியாவ இன்னைக்கே எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க 😀

நான் வேற பக்கமா சொல்றேன் ப்ரோ. சாமான் வாங்க தேவை இல்லாத வேலைய தேடு, டாலர் அதை தொடாது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துல என் ஷெட்டோட பின்சுவர் மொத்தமா உக்காந்துடுச்சு, ராக்கு, சாமான் எல்லாம் செங்கலுக்கு அடில. ஒரு மல்டிமீட்டரு, ஒரு ஸ்கேனரு, டூல் பாக்ஸு, அவ்வளவு தான் மிச்சம். அதை வச்சு மூணு மாசம் ரோட்டோரமா ஓட்டினேன். அப்ப தான் தெரிஞ்சுது, ஒயரிங்கு, த்ராட்டில் க்ளீனிங்கு, ஹெட்லைட்டு இதெல்லாம் வெறும் கூலி, மூளைக்கு காசு.

ஹெட்லைட்டுன்னதும் சிரிக்காத. நம்ம ஊர்ல 1970 டிசம்பர்ல ரோட்ட இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கமா மாத்திட்டான், ஓடுற வண்டி பாதி இன்னும் ஜப்பான் வண்டி. ஜப்பான்காரன் ரோட்டுக்கு இடப்பக்கம் போறவன், அதனால அவன் லைட்டு லோ பீம்ல இடது ஓரத்த தூக்கி காட்டும், அவன் ஊர்ல அங்க ஃபுட்பாத். நம்ம ஊர்ல அந்த இடது ஓரம் எதிர்ல வர்றவன் கண்ணு. ராத்திரி வண்டிய ஒரு சுவர் முன்னாடி நிறுத்திப் பாரு, இடப்பக்கம் ஒரு படி ஏறி நிக்கும். முழுசா திருத்த முடியாது, ஸ்க்ரூவ திருப்பி கொஞ்சம் இறக்கி விடலாம். பத்து நிமிச வேலை. ஹைவேல ஓட்டுறவங்க இதுக்கு சந்தோசமா காசு குடுப்பாங்க.

அப்புறம் சொந்தமா சாமான் வாங்கிட்டு வர்றவங்க, அவங்க பத்தி நீ கேக்கல, நானே சொல்றேன், உனக்கும் வராமலா இருப்பாங்க. வாங்கு, மாட்டு, ஆனா கூலிய கூட்டி சொல்லு, கேரண்டி இல்லைன்னு எழுதி வாங்கு. ஒருத்தரு பழைய ஃபிட்டுக்கு பிளக் நாலு வாங்கிட்டு வந்தாரு, மாட்டிட்டேன், மறுநாள் அதே இழுவை அதே நடுக்கம், என்னைய திருடன்ற மாதிரி பேசுறாரு. அந்த 1.3 ஐடிஎஸ்ஐ எஞ்சின்ல சிலிண்டருக்கு ரெண்டு, மொத்தம் எட்டு பிளக்கு. முன்னாடி நாலு கைக்கு எட்டும், பின்னாடி நாலு வைப்பர் கவுல, அதான் கண்ணாடிக்கு கீழ இருக்குற மூடிய, கழட்டாம தெரியவே தெரியாது. கவுல கழட்டி அவரையே எட்டிப் பாக்க வச்சேன். ஜப்பான்ல போட்டு அனுப்பின பிளக்காவே இருக்கும், முனை தேஞ்சு மொட்டை. எனக்கு முன்னாடி எத்தனை பேர் நாலுக்கு எட்டு காசு வாங்கினாங்களோ. இன்னொருத்தர் அதே ஃபிட்டுக்கு சாதா ஆட்டோ கியர் ஆயில் கொண்டாந்தாரு, அதுக்கு ஹோண்டா சிவிடி ஆயில் தான் ஊத்தணும், இல்லாட்டி எடுக்கும்போது வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி ஆடும்னு சொல்லி திருப்பி அனுப்பிட்டேன்.

டாக்ஸிமுருகபக்தன் (யாங்கோன்):

நான் மெக்கானிக் இல்ல, டாக்ஸி ஓட்டுறவன், உங்க நோட்டுல இருக்குற 18ல நான் இல்லன்னு நம்புறேன்.

எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க. எங்களுக்கு காசு தெனம் தெனம் சில்லறையா வருது, அதுல வண்டி ஓனருக்கு நாள் வாடகை, கேஸு, சாப்பாடு போனா மிச்சம் கொஞ்சம். மொத்தமா ரெண்டு லட்சம் கேட்டா முழிப்போம், தெனம் அஞ்சாயிரம்னு கேட்டா சாயங்காலம் வழில நிறுத்தி குடுத்துட்டு போயிடுவோம். என் மெக்கானிக் பாய் அப்படித்தான் வாங்குறாரு, கேக்குறதுக்கு சங்கடமும் இல்ல, டீக்காசு மாதிரி.

இன்னொண்ணு, கழட்டின சாமான குப்பைல போடாதீங்க, எங்க கண்ணுக்கு காட்டுங்க. ஒரு எடத்துல ஷாக் மாத்தினேன்னு காசு வாங்கிட்டு பழசுக்கே கறுப்பு பெயின்ட் அடிச்சு விட்டான் ஒருத்தன். அதுல இருந்து யாரையும் நம்ப முடியல, நல்லவனும் அதுல அடி வாங்குறான்.

ஸ்பானர்12:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, ஞாயித்துக்கிழமை உக்காந்து நோட்ட மாத்தி எழுதினேன், பழைய கடன காசாவே இருந்தபடி விட்டுட்டேன், புதுசுக்கு மட்டும் சாமான் பேர். மொத ஆளா என் மச்சான்கிட்டயே கையெழுத்து கேட்டேன், வீட்டுல ரெண்டு நாள் சரியா சோறு இல்ல. டாக்ஸி அண்ணே சொன்ன மாதிரி நாலு பேர்கிட்ட தெனம் இவ்வளவுன்னு பேசிட்டேன், மூணு பேர் குடுக்குறாங்க, ஒருத்தர் ரூட்ட மாத்திட்டாரு போல, ஆள காணோம்.

இப்ப வேற ஒண்ணு. நேத்து மழைல ஒரு சக்ஸீடு தண்ணில நின்னுடுச்சு, கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க, ஏர் ஃபில்டர் நனைஞ்சிருக்கு. செல்ஃப் அடிக்கலாமா?

பழையமஸ்டா:

அடிக்காத! பேட்டரி ஒயர மொதல்ல கழட்டிடு, சாவிய வாங்கி பாக்கெட்ல போட்டுக்க, இல்லாட்டி நீ டீ குடிக்க போற நேரத்துல எவனாவது ஒரு தடவை அடிச்சு பாக்குறேன்னு அடிச்சிடுவான். நாலு பிளக்கையும் கழட்டு, க்ராங்க் புல்லில ஸ்பானர் போட்டு கையால மெதுவா சுத்து. ஓட்டை வழியா தண்ணி பீச்சி அடிச்சா நல்லது, வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம், முழு சுத்து தடங்கல் இல்லாம சுத்துதான்னு பாரு. ஒரு எடத்துல இடிச்சு நின்னா கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும், அதோட நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணு. அப்புறம் ஆயில் குச்சிய இழுத்துப் பாரு, பால் டீ கலர்ல இருந்தா ஆயில மொத்தமா இறக்கிடு. கியர் ஆயிலையும் பாரு.

சாமான் விலை பேசுறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட ஒண்ணு கேளு, தண்ணில நின்னதுக்கு அப்புறம் செல்ஃப் அடிச்சீங்களான்னு. இல்லவே இல்லன்னு சொல்லுவாரு. அடிச்சிருப்பாரு.