பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லையே, ஐயா

சிறு ஊழியன்

ரொம்ப நாளாக இதை எழுதாமல் வைத்திருந்தேன். ஊழியத்துக்கு வந்த இரண்டாம் வருஷம். ராத்திரி போன் வந்தது, கிளம்பிப் போனேன். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தை, அதற்குள் இறந்துவிட்டது. அந்தத் தாயின் கையில் குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை இருந்தது. பெயர் வைக்காததால் அதில் தாயின் பெயரையும் பக்கத்தில் 'குழந்தை' என்றும் எழுதியிருந்தார்கள். அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே, "பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலையே ஐயா, இப்ப அது எங்க இருக்கும்?" என்று கேட்டார்.

இதே கேள்விக்கு நான் இறையியல் கல்லூரித் தேர்வில் பதில் எழுதியிருக்கிறேன். ஜென்மபாவத்தைப் பற்றி ஆதித் திருச்சபையின் ஆசிரியர் அகஸ்டின் சொன்னது, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைகளுக்கென்று இடைக்காலத்தில் 'லிம்போ' என்று ஓர் இடத்தை வைத்துப் பேசியது, விசுவாசிகளின் பிள்ளைகளும் கடவுளின் உடன்படிக்கைக்குள் இருக்கிறார்கள் என்று சீர்திருத்தவாதி கால்வின் சொன்னது எல்லாம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த நேரத்தில் அதில் ஒரு வரிகூட வரவில்லை. "எல்லாம் கர்த்தருடைய சித்தம்மா" என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டு, "அவருக்கு எதுக்கு என் பிள்ளை?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த வார்த்தையை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. ஆனால் வாயில் வந்ததே, அப்படியென்றால் கடவுளைப் பற்றி நான் உள்ளுக்குள் உண்மையாக நம்பியிருந்தது அதுதானே. இது என்னை இன்னும் தூங்கவிடவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

கடைசி வரிசை

நான் ஊழியர் இல்லை, விசுவாசி. அப்பாவுக்குப் புற்றுநோய். ஜெபிக்க வந்தவர் தலைமேல் கை வைத்து ஜெபித்துவிட்டு, எழுந்திருக்கும்போது, "விசுவாசத்தில் எங்கேயோ குறை இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்" என்றார். அப்பா ஆராய்ந்து பார்த்தார். இறந்த பிறகு படுக்கையை எடுத்தபோது தலையணை உறைக்குள் மாத்திரை அட்டைகள் இருந்தன, பாதி தின்றது, பாதி அப்படியே. மாத்திரை போடுவதை யாராவது பார்த்தால் விசுவாசம் இல்லை என்று நினைப்பார்கள் என்று ஒளித்துவைத்திருக்கிறார். வலியோடு படுத்திருந்தவர் வலி மாத்திரையை ஒளித்துவைத்தார். இதை நான் எங்கே போய்ச் சொல்வது?

அவர் காட்டிய வசனம் யாக்கோபு 5. பிறகு நானே அதை எடுத்து வாசித்தேன். "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்று இருக்கிறது. ஜெபிப்பது யார்? வரவழைக்கப்பட்ட மூப்பர்கள். அப்படியென்றால் விசுவாசத்தைக் கேட்க வேண்டியது யாரிடம்? படுத்திருப்பவரிடமா? பவுல் தன் உடன் ஊழியர் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தாரே, அங்கே யாருக்கு விசுவாசம் குறைவு? சகோதரரே, நீங்கள் சொன்னது தவறு என்று உங்களுக்கே தெரிகிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் அதற்குப் பிறகும் அதே பிரசங்கத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

மூப்பர்

தம்பி, நீங்கள் சொன்ன வார்த்தையில் பிழை இல்லை. இப்போது எல்லோரும் 'கர்த்தருடைய சித்தம்' என்று சொல்லவே பயப்படுகிறார்கள். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது என்ன? ஏதோ விபத்து போல நடந்தது, கடவுள் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதா? அதில் என்ன ஆறுதல்? "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற வசனத்தைப் பவுல் சும்மா எழுதவில்லை. நானும் ஒரு மகனை அடக்கம் பண்ணியவன், ஏழு வயது. அந்த வருஷம் முழுக்க என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஒரு வார்த்தைதான். அன்றைக்கு வந்த போதகர் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி முழுக்க வெளியே என்னோடு உட்கார்ந்திருந்தார், விடியும்போது என் செருப்பை எடுத்து என் கால் பக்கம் வைத்தார், அவ்வளவுதான்.

ஆனால் இளம் ஊழியர்களுக்குச் சில காரியங்கள் சொல்ல வேண்டும், கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். போனவுடன் வேதத்தைத் திறக்காதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்த ஊழியத்தில் நல்லது அந்த ஏழு நாள்தான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது, கடைசியில் கர்த்தரே அவர்கள்மேல் கோபித்து, "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்றார். கடவுளுக்காக வாதாடியவர்களைப் பார்த்துக் கடவுள் சொன்னது அது. அப்புறம், இறந்த பிள்ளையின் பேரைக் கேளுங்கள். பெற்றவர்களுக்கு அந்தப் பேரை யாராவது சொல்ல வேண்டும் என்றிருக்கும், ஆனால் யாரும் சொல்ல மாட்டார்கள். அடக்கத்தன்று கூட்டம் இருக்கும், மூன்றாம் மாதம் ஒருவரும் இருக்க மாட்டார்கள், அப்போது போங்கள். 88-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டுங்கள், முழுதும் புலம்பல், கடைசி வரிகூட இருட்டில்தான் முடிகிறது, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது. தாவீது இறந்துபோன தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னதையும் காட்டுங்கள்: "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பிவரப்போகிறது இல்லை." அந்தப் பிள்ளை ஏழாம் நாளில் செத்தது. உடன்படிக்கையின் அடையாளமான விருத்தசேதனம் எட்டாம் நாளில். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரிசை

ஐயா, உங்கள் மகனை நினைத்து வருத்தப்படுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்த வார்த்தையை உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். உங்களிடம் வந்தவர் அதைச் சொல்லவில்லையே. செருப்பைத்தானே எடுத்து வைத்தார்.

மூப்பர்

ஆமாம்மா. அவர் சொல்லவில்லை.

மணியோசை

நான் கத்தோலிக்கன். எங்கள் குடும்பத்தில் தாத்தாவின் தம்பி தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டார். எங்கள் திருச்சபையின் 1917 சட்டத்தொகுப்பு நடப்பில் இருந்த காலம், தெரிந்தே தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். பாட்டி சாகும் வரை அந்தச் சுவர்ப் பக்கம் நடக்க மாட்டார். 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வந்த மறைக்கல்வி நூல், கடுமையான மன உளைச்சல் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் சொல்கிறது.

இதெல்லாம் ஏட்டில் இருப்பது என்று நினைத்திருந்தேன். பிறகு என் நண்பன் அதே மாதிரி போனான். பங்குத்தந்தை பெட்டியை ஆலயத்துக்குள் நடுப் பாதை வழியாகக் கொண்டுவரச் சொன்னார், தீர்த்தம் தெளித்தார், அவன் திருமுழுக்குப் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் அம்மா அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். எங்கோ யாரோ உட்கார்ந்து திருத்திய ஒரு பத்தி, அந்தப் பெட்டி உள்ளே வரும்படி கதவைத் திறந்தது. இறையியலால் ஊழியத்துக்கு என்ன பயன் என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

முதலில் எழுதியவருக்கு: லிம்போவை நாங்களும் இப்போது அப்படிப் பேசுவதில்லை. திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் மீட்பைப் பற்றி நம்பிக்கை கொள்ள நல்ல காரணங்கள் உண்டு என்று 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு அறிக்கை வெளியிட்டது.

மூன்றாமாண்டு மாணவன்

எனக்கு அனுபவம் குறைவு, ஒன்றே ஒன்று. பயிற்சிக்குப் போன சபையில் ஒரு பாட்டி, அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் பிற்பாடு பெரிய பாவத்தில் விழுந்து ஊழியத்தை விட்டுப் போய்விட்டாராம். "அப்ப நான் எடுத்தது செல்லுமா? தண்ணில நனைஞ்சது மட்டும்தானா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தவறிய ஊழியர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்ற தொனாத்தியரோடு அகஸ்டின் வாதாடியது, அதற்காக 411-இல் கார்த்தேஜில் கூடியது, எல்லாம் செத்துப்போன சண்டை என்று நினைத்துப் படித்தது அன்றைக்குத்தான் புரிந்தது. "கொடுத்தவர் கிறிஸ்து பாட்டி, அந்தப் போதகர் கை மட்டும்தான்" என்றேன். பிடித்த கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

சிறு ஊழியன் அண்ணா, லூத்தர் 1542-இல், பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்காகவே ஓர் ஆறுதல் எழுதியிருக்கிறார். ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்ற அந்தத் தாயின் ஏக்கத்தையும் பெருமூச்சையும் கடவுள் ஜெபமாகவே கேட்கிறார் என்பது அதன் சாரம். அதே ரோமர் 8-ஆம் அதிகாரம்தான், வாக்குக்கடங்காத பெருமூச்சுகள் என்ற இடம். மூப்பர் ஐயா காட்டிய வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால்.

சிறு ஊழியன்

எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். மூப்பர் ஐயா, பேரைக் கேளுங்கள் என்றீர்களே, நான் கேட்கவே இல்லை. பட்டையில் பேர் இல்லாததால் பேரே இல்லை என்று எடுத்துக்கொண்டேன். அடக்க ஆராதனையிலும் 'இந்தச் சிறு குழந்தை' என்றுதான் வாசித்தேன். அவர்கள் இப்போது வேறு சபைக்குப் போகிறார்கள். நம்பர் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்துக் கூப்பிட்டால் ஆறிய புண்ணைக் கிளறியது போல ஆகாதா?

கடைசி வரிசை

ஆறியிருக்காது. கூப்பிடுங்கள்.

சிறு ஊழியன்

கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அன்றைக்கு நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பேர் வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். வயிற்றில் இருக்கும்போதே வைத்துவிட்டார்களாம். சொன்னார்கள். அவர்கள் பிள்ளையின் பேர் என்பதால் இங்கே எழுதவில்லை. போனிலேயே அந்தப் பேரைச் சொல்லி ஜெபித்தேன்.