வெள்ள நிவாரணத்தில் தெரு பார்த்து வரிசை: தனியார் உதவியென்றால் சட்டம் செல்லாதா?

கேள்வி (ஆற்றங்கரைவாசி): சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தாமிரபரணி கரைதாண்டித் தெருக்களுக்குள் புகுந்தபோது, வெளியூர் அறக்கட்டளை ஒன்று அரிசி, பாய், போர்வை ஆகியவற்றை ஊராட்சியின் சமுதாய நலக்கூடத்தில் வைத்து வழங்கியது. பொறுப்பேற்ற உள்ளூர்க் குழுவினர் மேலத்தெருக்காரர்களைக் கூடத்துக்குள் நாற்காலியில் அமரவைத்துக் கொடுத்தார்கள். அதே டோக்கனுடன் வந்த எங்கள் காலனி மக்களை வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தி, போர்வை தீர்ந்த பிறகே கூப்பிட்டார்கள். கேட்டால், "இது அரசுப் பணமா? கொடுக்கிறவர் இஷ்டம்" என்கிறார்கள். இதற்குச் சட்டத்தில் வழி உண்டா?

பதில் 1 (பாளையங்கோட்டை வழக்கறிஞர்): கொடுக்காமல் இருப்பது வேண்டுமானால் அவர் இஷ்டம், ஊருக்கென்று கொண்டுவந்த பிறகு சாதி பார்த்துப் பிரிக்க முடியாது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 61ஆம் பிரிவு, நிவாரணம் வழங்கும்போது பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பிரிவில் தண்டனை சொல்லப்படாததால், புகாருக்கு வலுவான பிடி 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்தான். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடத்தைப் பயன்படுத்துவதிலும், பொதுமக்களுக்கான அறக்கட்டளையின் பலனைப் பெறுவதிலும் தீண்டாமையின் பேரில் தடை விதிப்பதை அதன் 4ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பாகுபாடு காட்டுவதும் அத்தகைய தடையே என்று விளக்கமும் தருகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், செயல் தீண்டாமையின் பேரிலேயே நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

பதில் 2 (முக்கூடல்காரன்): வழக்குக்கு முன், அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் அண்ணாச்சி. குழு செய்த காரியம் அவர்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். பயனாளிகள் பட்டியலும் அவர்களிடம்தான் இருக்கும். கூடவே, திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழுவின் பார்வைக்கு வைக்குமாறு அதிலேயே எழுதிவிடுங்கள்.

பதில் 3 (அம்பாசமுத்திரம் ஆசிரியை): அந்த வரிசையில் நிற்க முடியாத மாற்றுத்திறனாளிகள் எவரேனும் விடுபட்டிருந்தால் அதையும் தனியே குறிப்பிடுங்கள். பேரிடரில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 8ஆம் பிரிவில் உறுதிசெய்கிறது.

ஆற்றங்கரைவாசி: நன்றி. போர்வை கிடைக்காமல் திரும்பியவர்கள் பலரிடம் டோக்கன் அப்படியே இருக்கிறது. நகலெடுத்து, கடிதத்துடனும் மனுவுடனும் இணைத்துவிடுகிறோம்.