ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் குடும்ப விசா கணக்கைப் போடுங்கள்

போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்தபின் செய்யும் ஆய்வு) வேலைக்குப் பிரிட்டன் கிளம்புகிறவர்களும், போய்ச் சேர்ந்து நீட்டிப்புக்குக் காத்திருப்பவர்களும் இதைப் படியுங்கள். விடுமுறைக்குப் பெங்களூரு வந்திருக்கிறேன். குடும்பத்தோடு போக விசாவுக்கு எவ்வளவு ஆகும், அதை யார் கட்டுவார்கள் என்றுதான் பழைய ஆய்வகத்துத் தம்பி தங்கைகள் எல்லோரும் கேட்கிறார்கள்.

2024 ஜூலையில் நான், கணவர், ஆறு வயது மகள் மூவரும் ஆய்வாளர் போன்ற திறமையாளர்களுக்கான குளோபல் டேலன்ட் விசாவுக்கு மூன்று வருடத்துக்கு விண்ணப்பித்தோம். விசாக் கட்டணம் தலைக்கு 716 பவுண்டு. அதையாவது சமாளித்துவிடலாம், ஆளைச் சாய்ப்பது ஹெல்த் சர்சார்ஜ்தான், அதாவது அங்குள்ள அரசு மருத்துவ சேவைக்காக விசாவோடு கட்டும் கட்டணம். பெரியவர்களுக்கு வருடத்துக்கு 624ஆக இருந்ததை அந்த பிப்ரவரியில்தான் 1,035 ஆக்கியிருந்தார்கள், குழந்தைக்கு 776. மாதத் தவணை எல்லாம் கிடையாது. எத்தனை வருட விசாவோ அத்தனை வருடத்துக்கும் விண்ணப்பிக்கும்போதே கட்டிவிட வேண்டும். எங்களுக்கு மொத்தம் 10,686 பவுண்டு.

அல்சூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தோம். கணவரின் கார்டில் லிமிட் போதவில்லை. ஓ.டி.பி. வரும், போட்டால் பணம் போகாது. மூன்றாவது முறையும் அப்படியே ஆனதும் அப்பா பேசாமல் எழுந்துபோய் பீரோவிலிருந்து எஃப்.டி. ரசீதை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். இன்றைக்கு நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

விசா செலவை ஏற்பதாகப் பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்தது என் பங்கான 3,821 மட்டும், அதுவும் நான்காம் மாதச் சம்பளத்தோடு.

அதனால் எச்.ஆரிடம் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்: குடும்பத்தின் சர்சார்ஜ் யார் பொறுப்பு? முன்பணமா, பிறகு தருவதா, சம்பளத்தில் பிடிக்கும் கடனா? இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா? கேட்கக் கூச்சப்படாதீர்கள், இது உங்கள் சம்பளப் பேச்சின் ஒரு பகுதி.

ஆள் எடுக்கும் பேராசிரியர்களுக்கும் இது தலைவலிதான். என் ஆய்வகத்தில் ஒரு மதுரைக்காரர் இருந்தார், அருமையான கை. ஒப்பந்தம் இரண்டு வருடம் நீண்டது. ஆனால் மனைவி, இரண்டு குழந்தைகளோடு விசாவை நீட்டிக்கப் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் வந்தது. ஜெர்மனிக்குப் போய்விட்டார். அங்கே விசாவுக்கு 75 யூரோ. மருத்துவக் காப்பீட்டை மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், முதலாளியும் பங்கு கட்டுகிறார், குடும்பமும் அதிலேயே சேர்ந்துவிட்டது. அவர் பாதியில் விட்ட சோதனையை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

அமெரிக்கா போகிறவர்கள் எச்-1பி என்ற வேலை விசா என்றால் கவனம். வெளியிலிருந்து புதிதாக எடுக்கும் ஆட்களுக்கு 2025 செப்டம்பரில் ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள், பல்கலைக்கழகங்களுக்குத் தனி விலக்கு தரவில்லை. போஸ்ட்டாக்குகள் பலரும் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகிறார்கள், அது வேறு வழி.

அப்புறம் ஒன்று. குளோபல் டேலன்டில் ஒன்று முதல் ஐந்து வருடம் வரை நாமே தேர்ந்தெடுக்கலாம். கையில் பணம் இல்லையென்றால் ஐந்தைப் போடாதீர்கள். விசா மறுக்கப்பட்டால் சர்சார்ஜ் திரும்பி வரும், ஆனால் கட்டிய கார்டுக்கே வரும். மாமா கார்டில் கட்டினால் அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.